சால்மனில் தொடங்கிப் பனிவீடு வரை: மனித இயல்பைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட பாடத்திட்டம் (நிகழ்வு ஆய்வு)

மனிதரிடம் மனிதத்தன்மை என்று சொல்லக்கூடியது எது? அது அவர்களுக்கு எப்படி வாய்த்தது? அதை இன்னும் மிகுதியாக்க என்ன வழி? இந்த மூன்று கேள்விகளைப் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளோடு ஓராண்டு முழுக்கப் பேசுவதற்கென்றே 1960-களில் அமெரிக்காவில் ஒரு பாடத்திட்டம் உருவானது. 'மேன்: எ கோர்ஸ் ஆஃப் ஸ்டடி' என்பது அதன் பெயர், சுருக்கமாக மாக்கோஸ். 1970 முதல் பள்ளிகளுக்கு விற்கப்பட்டு, 1974 வாக்கில் 47 மாநிலங்களில் சுமார் 1,700 பள்ளிகளில் நடந்தது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதற்கு எதிராகக் குரல் எழுந்து அரசுப் பணம் நின்றது. 1978-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில அரசு அதைத் தடையே செய்தது.

மனித இயல்பையும் இயற்கையில் நம் இடத்தையும் பிள்ளைகளோடு பேச நினைக்கும் ஆசிரியர் யாரும் இந்த நிகழ்வைத் தாண்டிப் போகக் கூடாது. பாடப்பொருள் இன்றும் வகுப்பில் எடுத்து நடத்தும் தரத்தில் இருக்கிறது. கோளாறு அதை அடுக்கிய வரிசையில் இருந்தது. முதலில் சால்மன் மீன், பிறகு கடற்காக்கை, பிறகு பபூன் குரங்கு, கடைசியாக ஆர்க்டிக் பகுதியின் நெட்சிலிக் இன்யூட் மக்கள். பிள்ளையின் சொந்த வீடும் ஊரும் வகுப்புப் பேச்சில் வந்து போயின. ஆனால் மற்ற நான்குக்கும் கிடைத்த இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதியை இந்த வரிசையிலேயே காணலாம்.

உருவான விதம்

1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு அமெரிக்க அரசு பள்ளிப் பாடங்களில் பணத்தைக் கொட்டியது. எம்.ஐ.டி. இயற்பியலாளர் ஜெரால்ட் சக்கரியாஸ் பள்ளி இயற்பியலை மாற்றியமைக்க முனைந்தார். அந்தப் பணிக்காக மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் உருவான நிறுவனமே பின்னர் சமூக அறிவியல் பக்கமும் திரும்பியது. முதல் வரைவுகளை ஹார்வர்டு மானிடவியலாளர் டக்ளஸ் ஆலிவர் செய்தார். 1964-ல் உளவியலாளர் ஜெரோம் புரூனர் பொறுப்பேற்றார். எந்த வயதுப் பிள்ளைக்கும் எந்தப் பாடத்தின் அடிப்படையையும் நேர்மையான ஒரு வடிவில் கற்பிக்கலாம் என்று வாதிட்டவர் அவர். அடுத்த கோடையில், 1965-ல், நியூட்டன் நகர் அண்டர்வுட் பள்ளியில் முன்னோட்டம் நடந்தது. புரூனருக்குப் பின் பீட்டர் டவ் வழிநடத்தினார். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவாக்கத்துக்கும் பரப்பலுக்குமாகச் செலவிட்டது ஏறக்குறைய 70 லட்சம் டாலர்.

மனிதரை மனிதராக்கியவை என்று புரூனர் ஐந்தைக் குறித்தார்: கருவி செய்தல், மொழி, சமூக அமைப்பு, நீண்ட குழந்தைப் பருவத்தைப் பேணுதல், உலகுக்கு விளக்கம் தேடும் உந்துதல். பாடம் முழுவதும் இந்த ஐந்தைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால் பிள்ளைகளிடம் இந்தப் பட்டியலை யாரும் முதல் நாள் எழுதிப்போடுவதில்லை. ஒரு மீனிடமிருந்து தொடங்கி அவர்களாகவே அதை நோக்கி வர வேண்டும்.

மூன்று உயிர்கள்

பசிபிக் சால்மன் பெண்மீன் ஆற்றுச் சரளைக்கற்களிடையே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முட்டையிட்ட சில நாட்களில் அதுவும் ஆணும் இறந்துபோகின்றன. குஞ்சு பொரியும்போது கற்பிக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் குஞ்சு கடலுக்குப் போகிறது, ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஓடைக்கே வாசனையை வைத்துத் திரும்புகிறது. பெற்றோர் என்பது எதற்காக என்ற கேள்வியைப் பெற்றோரே இல்லாத உயிரிடம் தொடங்கியது இந்தப் பாடத்தின் மிகத் துணிந்த முடிவு. பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி அது.

எண்ணிக்கையைக் கண்ணால் காட்ட மில்லிமீட்டர் வரைபடத் தாள் போதும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் கட்டம் போட்டால் உள்ளே 3,000 சிறு சதுரங்கள். ஒரு சால்மனின் முட்டைகள் என்று அவற்றைக் கொள்ளலாம். மீன்களின் மொத்த எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க வேண்டுமானால் சராசரியாக எத்தனை முட்டை வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்ட வேண்டும்? இரண்டு. இரண்டு சதுரத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். உடனே விளக்கத்துக்குப் பாயக் கூடாது. மீதி 2,998 எங்கே போயின என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலில் பறவை, கரடி, பெரிய மீன், வெள்ளம், ஆற்றின் மேல் கட்டிய அணை என்று எல்லாம் வரும். சூழல் என்ற சொல்லை ஆசிரியர் வரையறுக்க வேண்டிய அவசியமே இராது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. "தாய்மீன் குஞ்சுகளுக்காக உயிரைத் தியாகம் செய்கிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். தவறு என்று வெட்டிவிட்டால் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. "குஞ்சுகளைப் பற்றி அந்த மீனுக்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள். அப்போது அது வேறு மாதிரி நடந்திருக்குமா?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

கடற்காக்கைக்கு வருவோம். விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன் ஆராய்ந்த ஹெரிங் கடற்காக்கையின் மஞ்சள் அலகில் கீழ்ப்புறம் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால் பெற்றோர் இரையைக் கக்கித் தருகிறது. அட்டையில் தலை மாதிரிகள் செய்து, புள்ளியின் நிறத்தை மாற்றி, குஞ்சுகள் எதை எத்தனை முறை கொத்துகின்றன என்று அவர் எண்ணினார். சிவப்புப் புள்ளிக்கு அதிகக் கொத்து. புள்ளியே இல்லாத அலகுக்கு மிகக் குறைவு. கறுப்புப் புள்ளி இடையில். டின்பர்கன் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். வகுப்பில் குஞ்சுகள் இருக்காது, இருக்கவும் கூடாது. பிள்ளைகள் அட்டை மாதிரிகளைச் செய்து, எது அதிகம் கொத்துப்படும் என்று வரிசைப்படுத்தி, காரணத்தை எழுதி ஒட்டிய பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். முடிவை முதலில் சொன்னால் இது வெறும் பொதுஅறிவுத் துணுக்காகிவிடும். கொத்துவது பிறவியில் வந்தது. தன் பெற்றோரை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது பிறந்த பிறகு கற்றுக்கொள்வது. ஒரே குஞ்சுக்குள் இரண்டும் இருக்கின்றன என்பதைப் பார்த்த பிள்ளை, இது பிறவிக் குணமா பழக்கமா என்று ஒற்றைப் பதில் தேடுவதை மெல்ல விட்டுவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு காகித நாடா தயாரித்து வைப்பது நல்லது. ஒரு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். குஞ்சு அல்லது குட்டி வெளிவந்ததிலிருந்து பெற்றோர் கவனிப்பு முடியும்வரை வரைய வேண்டும். சால்மனுக்குச் சுழியம். ஹெரிங் கடற்காக்கைக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே. பபூன் குட்டி தாய்ப்பால் மறக்கப் பன்னிரண்டு முதல் பதினெட்டு சென்டிமீட்டர். பத்து வயதுப் பிள்ளை தன் கோட்டை வரையத் தொடங்கினால் 120 சென்டிமீட்டரில் நாடா முடிந்துவிடும், கோடு முடியாது. நீண்ட குழந்தைப் பருவம் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழியில்லை.

பபூன் பகுதி பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதற்கான படங்கள் கென்யாவின் அம்போசெலியில் எடுக்கப்பட்டவை. வழிகாட்டியவர் ஹார்வர்டைச் சேர்ந்த மானிடவியலாளர் அர்வன் டீவோர். பெரிய ஆண்கள் கூட்டத்தின் நடுவில் அதிகாரம் செலுத்த, மற்றவை அவற்றைச் சுற்றி அமைவதாக அன்றைய ஆய்வு கண்டது. பாடமும் அப்படியே சொன்னது. அதே அம்போசெலியில் 1971 முதல் ஜீன் ஆல்ட்மனும் உடன் பணியாற்றியவர்களும் தொடர்ந்து கவனித்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் தங்குகின்றன. தாயின் தரநிலை மகளுக்கு வருகிறது. ஆண்கள்தாம் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகின்றன. கூட்டத்தின் நிலையான எலும்புக்கூடு தாய்வழிகளே.

பார்வை மாறியதற்குக் கவனிக்கும் முறை ஒரு முக்கியக் காரணம். கண்ணைக் கவரும் சண்டையை மட்டும் குறித்தால் பெரிய ஆண்களே ஏட்டில் நிறைவார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் சம நேரம் ஒதுக்கிக் குறிக்க வேண்டும் என்று 1974-ல் ஆல்ட்மன் எழுதிய கட்டுரை விலங்கு நடத்தை ஆய்வின் நடைமுறையையே மாற்றியது. இதைப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். எந்தக் குரங்குக் கூட்டத்தின் படமானாலும் சரி, ஐந்து நிமிடத் துண்டு ஒன்று போதும். பாதி வகுப்பு தோன்றியதை எழுதட்டும். மறுபாதி, ஆசிரியர் 30 நொடிக்கு ஒருமுறை மணி அடிக்கும்போது, தமக்கு ஒதுக்கிய ஒரே விலங்கு அந்தக் கணத்தில் என்ன செய்கிறது, யார் அருகில் இருக்கிறது என்று மட்டும் குறிக்கட்டும். இரண்டு ஏடுகளும் ஒரே கூட்டத்தைப் பற்றியவை போலவே இராது. முதல் ஏட்டில் சண்டை. இரண்டாவதில் பெரும்பாலும் தின்பது, உட்கார்ந்திருப்பது, பேன் பார்ப்பது. மனித இயல்பு பற்றி ஊரில் பேசப்படும் பல கருத்துகள் முதல் ஏட்டின் வகையைச் சேர்ந்தவை என்பதைப் பிள்ளைகள் அன்றே பிடித்துக்கொள்வார்கள். பழைய பாடத்தில் இருந்த பிழை இன்று அதன் மிகச் சிறந்த பாடவேளையாக மாறக்கூடும்.

நெட்சிலிக் ஆண்டு

பாடத்தின் இதயம் இங்கேதான். கனடாவின் பெல்லி விரிகுடாவில் 1963 முதல் 1965 வரை மானிடவியலாளர் அசென் பாலிக்சி படப்பிடிப்பை வழிநடத்தினார். துப்பாக்கி பரவுவதற்கு முந்தைய, ஏறக்குறைய 1919-ன் வாழ்க்கையை அவ்வூர் மக்கள் தம் முதியவர்களின் நினைவிலிருந்தும் தம் கைப்பழக்கத்திலிருந்தும் மீண்டும் நடத்திக் காட்டினார்கள். அரைமணி நேரப் பகுதிகள் 21. பின்னணி விளக்கம் இல்லை, எழுத்து மொழிபெயர்ப்பு இல்லை; காற்றும் நாய்க்குரைப்பும் அவர்களுடைய இனுக்டிடுட் பேச்சும் மட்டும்.

ஆண்டின் ஓட்டத்தைப் பிள்ளைகள் வட்டமாக வரைகிறார்கள். கோடையில் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து ஆற்றுக்குப் போகிறார்கள். கல்லை அடுக்கி அணை கட்டி, மேலேறி வரும் ஆர்க்டிக் சார் மீனை மூன்று முனை ஈட்டியால் குத்துகிறார்கள். பிறகு கரிபு மான் கடக்கும் நீர்த்துறை: மனித உருவம் போல் அடுக்கிய கற்குவியல்கள் மானை மிரட்டி நீருக்குள் தள்ள, கயாக் என்ற சிறு தோல்படகில் காத்திருப்பவர்கள் ஈட்டியால் பிடிக்கிறார்கள். குளிர்காலத்தில் பல குடும்பங்கள் கடற்பனி மேல் பெரிய முகாமாகக் கூடுகின்றன.

ஏன் கூட வேண்டும்? குளிர்கால வேட்டை விலங்கான சீல் (கடல்நாய்) பனிக்கடியில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒரே சீல் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பல மூச்சுத்துளைகளைத் திறந்து வைத்திருக்கும். எந்தத் துளைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. துளையை நாய் மோப்பம் பிடித்துக் காட்டும். வேட்டைக்காரர் துளைமேல் ஓர் இறகுத் துணுக்கைப் பொருத்திவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார்; இறகு அசைந்தால் சீல் மூச்சு விடுகிறது, அந்தக் கணத்தில் எறியீட்டி இறங்கும். ஒருவர் ஒரு துளையில் நின்றால் சீல் வேறு துளைக்குப் போய்விடும். பதினைந்து பேர் பதினைந்து துளையில் நின்றால் எங்காவது ஒன்று வரும். சீலின் நுரையீரல் குளிர்கால முகாமின் அளவைத் தீர்மானிக்கிறது. சூழலும் சமூகமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்றைப் பள்ளிப் பாடங்களில் காண்பது அரிது.

சறுக்குவண்டியும் அப்படியே. அந்த நாட்டில் மரம் இல்லை. பழைய கூடாரத் தோலை நீரில் நனைத்து, மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் அடுக்கிச் சுருட்டி உறையவிட்டால் சறுக்குக் கட்டை தயார். குறுக்கே கரிபுக் கொம்புகள். வெயில் காலம் வந்து வண்டி இளகினால் மீனை உண்ணலாம். இந்தப் படத்தை இறுதிவரை காட்டாமல், மீன், தோல், கொம்பு, தண்ணீர் என்று நான்கையும் பலகையில் எழுதி, "இவற்றால் 200 கிலோ சுமக்கும் வண்டி செய்யுங்கள்" என்று 15 நிமிடம் கொடுத்துவிட்டுக் காட்டுவது மேல். உறையும் குளிரே ஒரு கருவி என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்.

படம் காட்டும்போது கெடுவது

விளக்கமில்லாப் படத்துக்கு முதல் எதிரி ஆசிரியரின் வாய். அரை நிமிட அமைதி வந்தாலே "இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா" என்று நிரப்பத் தோன்றும். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் காட்டாமல் நிறுத்தி, பார்த்தது, நினைத்தது, கேட்க வேண்டியது என்று மூன்று பத்திகளில் எழுத வைப்பது நல்ல வழி. "அவள் கோபமாக இருந்தாள்" என்பது முதல் பத்தியில் வரக் கூடாது. எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று கேட்டால் பிள்ளையே இரண்டாம் பத்திக்கு மாற்றிவிடும்.

அடுத்து அருவருப்பு. பச்சை மீனும், விருப்பத் தின்பண்டமாகக் குழந்தை உண்ணும் மீன்கண்ணும் வரும்போது வகுப்பில் கூச்சல் கிளம்பும். அடக்க வேண்டாம், ஆனால் அன்றைய வேளையை அந்தக் கூச்சலோடு முடித்துவிடவும் கூடாது. அதே பகுதியை உடனே இன்னொரு முறை ஓட்டி, இம்முறை கைகளை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். கத்தி எந்த வரிசையில் போகிறது, முதல் துண்டு யாருக்கு, குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எழுதத் தொடங்கியதும் அருவருப்பு தணிந்து கவனம் வரும்.

மாக்கோஸை வெளியிட்டவர்கள் ஆசிரியர் பயிற்சியோடு சேர்த்தே விற்றதற்குக் காரணம் இதுதான். பொருளை மட்டும் வாங்கி நடத்தினால் வேடிக்கைப் படமாக முடிந்துவிடும்.

சீல் ஆட்டம்

மூலப் பாடத்தில் சீல் வேட்டைக்கும் கரிபு வேட்டைக்கும் பலகை விளையாட்டுகள் இருந்தன. இன்றைய வகுப்புக்குப் பகடையால் ஒரு சுருக்க வடிவம் செய்துகொள்ளலாம். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குழு. ஒவ்வொருவரும் ஒரு குடும்பம். ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை, இரண்டு புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு நாள் உணவு. காலையில் பகடை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் ஒரு சீல், அதாவது ஆறு கொட்டை. பிறகு ஒரு கொட்டையை உண்டு கழிக்க வேண்டும். கொட்டை இல்லையென்றால் அந்த நாளுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பத்து நாள் ஆட வேண்டும். குழுவுக்கு 100 கொட்டை கையிருப்பு வைத்தால் பெரும்பாலும் போதும்.

முதல் ஆட்டம் அவரவர் வேட்டை அவரவருக்கு. இரண்டாவதில் எல்லாம் பொதுப்பானை. கணக்கு சுவையானது. இரண்டு ஆட்டத்திலும் சராசரி வரவு ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சரியாக ஒரு கொட்டைதான். பகிர்வதால் மொத்த உணவு ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் தனித்து வாழும் குடும்பம் முதல் மூன்று நாளில் ஒரு சீலும் பிடிக்காமல் மூன்றாம் நாளே பட்டினி கிடக்க 100-க்கு 58 வாய்ப்பு. பொதுப்பானை மூன்றாம் நாளில் காலியாக 100-க்கு 4 வாய்ப்புக்கும் குறைவு. பகிர்தல் நல்ல குணம் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது ஒரு காப்பு ஏற்பாடு என்று கையால் தெரிவது இங்கே.

இதை அப்படியே இனிப்பாக முடித்துவிடக் கூடாது. பத்து நாளுக்குள் சில குழுக்களின் பொதுப்பானையும் காலியாகும். அன்று ஆறு வீடும் சேர்ந்தே பட்டினி. முகாமை இடம் மாற்ற வேண்டிய நேரம் அதுவே. தனி ஆட்டத்தில் பட்டினி கிடந்தவரை ஆட்டத்தைவிட்டு வெளியேற்றுவது பொதுவான பிழை: நான்கு பிள்ளைகள் மூன்றாம் நாளிலிருந்து சும்மா உட்கார்ந்து குழப்பம் செய்வார்கள். புள்ளி வைத்துத் தொடர விட வேண்டும். அதிர்ஷ்டம் அடித்த பிள்ளை இரண்டாம் ஆட்டத்தில் "என் சீலை ஏன் தர வேண்டும்" என்று மறுத்தால் அதைத் திட்டித் தீர்க்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நெட்சிலிக் மக்கள் கண்ட பதிலைக் காட்ட நல்ல வாய்ப்பு. வளையச் சீலை அவர்கள் 14 பங்காக வெட்டினார்கள். வேட்டைக்காரருக்கு முன்பே உறுதிசெய்யப்பட்ட பங்காளிகள் 12 பேர் வரை; ஒவ்வொரு பங்காளிக்கும் ஒவ்வொரு பாகம் என்றைக்கும் நிரந்தரம். ஒருவரையொருவர் அந்தப் பாகத்தின் பெயராலேயே அழைத்துக்கொள்வார்கள். தர மனம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மூன்றாவது ஆட்டமாக, பிள்ளைகளே இப்படி ஒரு விதியை எழுதி ஆடிப் பார்க்கலாம்.

பனிமேல் பின்தங்கிய முதியவள்

பாடத்தின் மிகக் கடினமான பகுதி படத்தில் இல்லை, சிறு கையேட்டில் இருந்தது. 1923-ல் நெட்சிலிக் மக்களிடையே தங்கிய ஆய்வாளர் நுட் ராஸ்முசென் பதிவு செய்தது: முகாம் நகரும்போது வண்டிகளுக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாமல் பனியில் பின்தங்கும் ஒரு முதியவளின் நிலை பற்றி அவளது குடும்பத்தாரோடு நடந்த பேச்சு. பத்து வயதில் இதைப் படிக்கலாமா என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. படிக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் முன்வேலை இல்லாமல் இல்லை.

முதலில் சுமைக் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு நாய்கள் மிகக் குறைவு, ஏனென்றால் நாயும் சீல் இறைச்சிதான் தின்ன வேண்டும். மனிதரே வண்டி இழுத்தார்கள். கொழுப்பு விளக்கு, தோல், இறைச்சி, கைக்குழந்தை ஏற்றிய பின் வண்டியில் என்ன இடம் மிஞ்சும் என்று பிள்ளைகள் போட்டுப் பார்த்த பிறகே அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். இரண்டாவது, "இது சரியா, தவறா" என்பது முதல் கேள்வியாக இருந்தால் வகுப்பு இரண்டு கட்சியாகிப் பேச்சு செத்துவிடும். அவர்களுக்கு வேறென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் விலை என்ன என்று தொடங்கினால் சரி தவறு பற்றிய பேச்சு தானாக வரும், ஆழமாகவும் வரும். அதைத் தடுக்கவும் கூடாது. ஒரு வழக்கத்தின் காரணம் புரிந்துவிட்டால் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதியுமானால் பாடம் தோற்றது. மூன்றாவது, வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் பாட்டியோ தாத்தாவோ உள்ள பிள்ளைகள் யார் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு

1970-ல் புளோரிடாவின் லேக் சிட்டியில் ஒரு மதபோதகர் வானொலியில் இந்தப் பாடத்தைத் தாக்கினார். அரிசோனாவிலும் எதிர்ப்பு மூண்டது. பெண்குழந்தைக் கொலை, மனைவி மாற்று வழக்கம், முதியோரைக் கைவிடுதல், பரிணாமம் ஆகியவை குற்றச்சாட்டுகள். எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டிய வரிகளில் சில, ஆசிரியர்களின் பின்னணி வாசிப்புக்கான நூல்களிலிருந்து வந்தவை. பெற்றோருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை. 1975 ஏப்ரலில் அரிசோனா உறுப்பினர் ஜான் கான்லன், அறக்கட்டளையின் பாடத்திட்டங்களை நாடாளுமன்றமே பார்த்து ஒப்ப வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். 196-க்கு 215 வாக்குகளில் அது தோற்றது. ஆனால் அறக்கட்டளை ஏற்கெனவே மாக்கோஸுக்கான பணத்தை நிறுத்தியிருந்தது.

எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட்டால் இந்த நிகழ்வில் கற்க வேண்டியதில் பாதியை விட்டுவிடுவோம். மீன், பறவை, குரங்கு, இன்யூட் என்று பாடம் நகர்ந்தபோது பிள்ளை மனதில் அது ஏணிதான்: ஒவ்வொரு படியும் "நம்மை" நோக்கி. கடைசிப் படியில் இன்யூட். ஏணிக்கு மேலே, பார்க்கப்படாமல், அமெரிக்க வீடு. பாடத்தை வகுத்தவர்களின் நோக்கம் இதற்கு நேர் எதிரானது. இன்யூட் மக்களின் முழு மனிதத்தன்மையைக் காட்டவே அவர்கள் பாடுபட்டார்கள். ஆனால் நோக்கத்தை வரிசை முறியடித்தது. அதே காரணத்தால்தான் பெற்றோரும் குழம்பினார்கள்: தம் வழக்கங்கள் எங்கும் பேசப்படாதபோது, பிறர் வழக்கத்தைப் பள்ளி மெச்சுகிறது என்று மட்டுமே அவர்களுக்குப் படும்.

இன்யூட் மக்கள் தரப்பிலும் ஒரு வெற்றிடம். படத்தில் நடித்தவர்கள் அப்போதே கத்தோலிக்கர்கள், துப்பாக்கி வைத்திருந்தவர்கள். பழைய ஆவிச் சடங்குகள் படத்தில் ஏறக்குறைய இல்லை. உலகுக்கு விளக்கம் தேடும் உந்துதல் என்ற ஐந்தாம் கருத்துக்கு ராஸ்முசென் திரட்டிய கதைகளையும் பாடல்களையும் நம்ப வேண்டியிருந்தது. படத்தை எடுத்த ஆண்டு, அது காட்டும் ஆண்டு என்று இரண்டையும் பலகையில் எழுதாமல் ஓட்டினால், இன்றும் எல்லோரும் பனிவீட்டில் வாழ்கிறார்கள் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பெல்லி விரிகுடா 1999-ல் குகாருக் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ஏப்ரல் 1-ல், அவ்வூர் அடங்கிய நூனவுட் கனடாவின் தனி ஆட்சிப்பகுதியானது. குகாருக்கின் இன்றைய பள்ளி, வீடு, கடை ஆகியவற்றின் புகைப்படங்களைப் பழைய படத்துக்கு முன்பே காட்ட வேண்டும்.

வரிசையை மாற்றுவது

சுவரில் நான்கு உயிர்களையும் மேலிருந்து கீழாக ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டுவது முதல் வேலை. சால்மனால் முடிந்து மனிதரால் முடியாதவை, கடற்காக்கையால் முடிந்து மற்றவற்றால் முடியாதவை என்றும் பிள்ளைகள் எழுத வேண்டும். இரண்டாவது, இன்யூட் வாரத்துக்கு அருகில் "எங்கள் வீடு" என்ற ஐந்தாவது பத்தி வர வேண்டும், அதே கேள்விகளோடு: இந்த வாரம் உங்கள் வீட்டில் உண்டது எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கியது என்றால் கடைக்கு எங்கிருந்து? வீட்டில் நடக்க முடியாதவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், அதனால் அவர்கள் விட்டுக்கொடுத்தது எது? கெட்ட காலத்தில் யாரிடம் கேட்டால் மறுக்காமல் தருவார்கள், ஏன்? மழை ஏன் பொய்க்கிறது என்று வீட்டில் மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மூன்றாவது, பெற்றோரைப் பாடம் தொடங்கும் முன்பே அழைத்துக் கல்லணை மீன்பிடிப் படத்தில் பத்து நிமிடமும், முதியவள் பக்கத்தை முழுதாகவும் காட்டிவிட வேண்டும். கடினமான பக்கத்தை மறைத்து வைத்து, பிள்ளை வழியாக அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. ஆசிரியருக்கான நூல் எது, பிள்ளைக்கான கையேடு எது என்று இரண்டையும் மேசைமேல் தனித்தனியாக வைத்து அவர்களே புரட்டிப் பார்க்க விட வேண்டும்.

"எங்கள் வீடு" தாளை நெட்சிலிக் படங்களுக்கு ஒரு வாரம் முன்பே நிரப்பி வாங்கிவிட வேண்டும். படம் பார்த்த பிறகு வாங்கினால் பிள்ளைகள் தம் வீட்டை அழகுபடுத்தியே எழுதுவார்கள். ஒப்பிட எதுவும் மிஞ்சாது.